மிஸ்க்யூ ஆகிறதா? 2,200 ரூபாயை எடுப்பதற்கு முன்...

கேள்வி: பூல் ஆடச் சொந்தமாக ஒரு க்யூ (பந்தை அடிக்கும் கோல்) வாங்கினேன். நேராக அடித்தால் பிரச்சினை இல்லை. வெள்ளைப் பந்தைப் பின்னால் இழுக்கவோ சைடு (பக்கச் சுழற்சி) கொடுக்கவோ போனால் க்யூவின் முனை பந்தில் 'டக்'கென்று வழுக்கிவிடுகிறது, அதாவது மிஸ்க்யூ. பார்லரில் கூட ஆடுகிறவர்கள், முனையில் ஒட்டியிருக்கும் தோலை "சாஃப்ட் டிப்பா மாத்துங்க" என்கிறார்கள். கடையில் ஜப்பான் லேயர் டிப் 2,200 ரூபாய், ஒட்டுக்கூலி தனி என்றார்கள். போட்டால் மிஸ்க்யூ நிற்குமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: நிற்கும் என்று கடைக்காரர் எழுதிக் கொடுப்பாரா, கேட்டுப் பாருங்கள்.

முதலில் காசில்லாத ஒரு சோதனை. 9 முதல் 15 வரை உள்ள பட்டைப் பந்துகளில் ஒன்றைத் துடைத்து, பட்டை படுக்கைவாட்டில் இருக்கும்படி வெள்ளைப் பந்தின் இடத்தில் வையுங்கள். டிப்புக்கு நன்றாகச் சாக் (பிடிப்புக்காகத் தடவும் தூள்கட்டி) போட்டு, பின்னால் இழுப்பதற்கு அடிக்கிற மாதிரியே கீழே அடியுங்கள். பிறகு பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிப் பட்ட இடத்தில் சாக் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கும். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. நடுப்புள்ளியிலிருந்து சுமார் 14 மி.மீ.க்கு மேல் தள்ளி அடித்தால் எந்த ஊர் டிப்பாக இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும். பட்டையின் ஓரம் ஏறக்குறைய அந்த எல்லையில்தான் இருக்கிறது. பொட்டு பட்டையைத் தாண்டிக் கீழே வெள்ளையில் விழுந்திருந்தால் டிப்பைத் திட்டாதீர்கள். இவ்வளவு கீழே அடிக்கிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அடிக்கிற நொடியில் பின்கையை இறுக்கிப் பிடித்தாலோ தோளை இறக்கினாலோ முனை குறி வைத்த இடத்தில் போய்ப் படாது.

பொட்டு பட்டைக்குள்ளேயே இருந்தும் வழுக்குகிறதா? அப்போது டிப்பைப் பாருங்கள். முனையை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் பளபளக்கக் கூடாது. பளபளத்தால் தோல் அமுங்கி வழவழப்பாகிவிட்டது, சாக் அதில் நிற்காது. அடுத்தது வடிவம். ஒரு ரூபாய் நாணயத்தை டிப்பின் பக்கவாட்டில் பிடித்து, நாணயத்தின் வளைவும் டிப்பின் வளைவும் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். அமெரிக்காவில் நிக்கல் என்கிற 5 சென்ட் நாணயத்தை வைத்து அளப்பார்கள். நம் ஒரு ரூபாய் அளவில் கிட்டத்தட்ட அதேதான். தலை தட்டையாகிப் போன டிப்பில், சைடு அடிக்கும்போது தோலின் நடுப்பகுதி படாமல் விளிம்பு மட்டும் பந்தைத் தொடும். மிஸ்க்யூவுக்கு வேறு காரணமே வேண்டாம்.

இந்த இரண்டு கோளாறுக்கும் புது டிப் தேவையில்லை. ஷேப்பர் என்கிற குழிவான அரம் போதும். வளைவையும் அதிலேயே எடுக்கலாம், பளபளப்பையும் சுரண்டிவிடலாம். விளிம்பில் தோல் மிகவும் மெலிந்துபோயிருந்தாலோ, தட்டினால் கலகலவென்று சத்தம் வந்தாலோ மட்டும் மாற்றுங்கள்.

சாஃப்ட், ஹார்ட் விவாதம் பார்லர்களில் என்றைக்கும் ஓயாது. டிப் பந்தைத் தொட்டிருப்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான். சாக் ஒழுங்காக ஒட்டியிருந்தால் ஹார்ட் டிப்பிலும் வேண்டிய அளவு ஸ்பின் வரும். சாஃப்ட்டில் சாக் சுலபமாக ஒட்டும் என்பது உண்மை. ஆனால் அது சீக்கிரம் அமுங்கி, பக்கவாட்டில் பிதுங்கி, குடை விரிக்கும். அடிக்கடி சீவ வேண்டும். ஹார்ட் வடிவத்தைக் காப்பாற்றும், ஆனால் சீக்கிரம் பளபளப்பாகும். பராமரிப்புக்குப் பொறுமை இல்லாதவர் மீடியத்தில் நிற்பதே நல்லது.

நீங்கள் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் என் யோசனை: ட்ரையாங்கிள் என்ற பிராண்டு மாதிரி ஒரே துண்டுத் தோலில் அழுத்திச் செய்த டிப். எல்க் மாஸ்டரும் இந்த ஜாதிதான், ஆனால் சாஃப்ட். இவை 50 எண்ணம் கொண்ட டப்பாவில் வருகிறவை. கடைக்காரர் உதிரியாகக் கொடுப்பார், விலையும் கையைக் கடிக்காது. ஒரே டப்பாவிலேயே ஒன்று கல்லாகவும் இன்னொன்று பஞ்சாகவும் இருக்கும் என்பதுதான் இவற்றின் குறை, அதனால் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். காமுய் போன்ற லேயர் டிப்புகள் மெல்லிய பன்றித்தோல் அடுக்குகளை ஒட்டிச் செய்தவை. ஒன்றுக்கொன்று வித்தியாசம் குறைவு, அந்தச் சீருக்குத்தான் கூடுதல் விலை. போட்டி ஆடுகிறவர் கொடுக்கலாம். உங்களுக்கு இப்போது தேவையில்லை. மிச்சமாகும் பணத்தில் நல்ல கையில் கொடுத்து ஒட்டி, வளைவு எடுத்துக்கொள்ளுங்கள். மட்டமாக ஒட்டிய 2,200 ரூபாய் டிப்பும் வழுக்கும்.

சாக் விஷயத்தையும் கவனியுங்கள். இது பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் இல்லை. ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் 1897-ல் காப்புரிமை வாங்கிய, சிலிக்காவும் சொரசொரப்புத் தூளும் சேர்ந்த கலவையின் வழிவந்தது. பிடிப்பைத் தருவது அந்தச் சொரசொரப்புதான். பலர் கட்டியை க்யூவின் தலையில் கவிழ்த்து ஸ்க்ரூ முடுக்குவது போல முடுக்குகிறார்கள். கட்டியில் பள்ளம் விழுந்து, சாக் டிப்பின் ஓரத்தில் மட்டும் ஏறுகிறது. கட்டியைச் சாய்த்துப் பிடித்து முனை முழுக்க மெல்லத் தடவுங்கள், சைடு அடிக்கும் ஒவ்வொரு முறையும். ஏசி இல்லாத ஹாலில் நம் கடற்கரைக் காற்றில் திறந்து கிடக்கும் கட்டி ஈரம் வாங்கியிருக்கும். சொந்தமாக ஒரு கட்டியை மூடி போட்ட டப்பியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 'ஒரிஜினல் ஜப்பான்' என்று போட்டிருந்த லேயர் டிப்பை மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கினேன். சாதாரண பிளாஸ்டிக் கவரில் வந்தது. அட்டை, முகவரி எதுவும் இல்லை. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
- வாசகி, அண்ணா நகர்

பதில்: தயவுசெய்து அதை க்யூவில் ஒட்டிவிடாதீர்கள். ஒட்டிய பொருளுக்கு வழக்கு பேசுவது கஷ்டம். பொட்டலமாக வரும் இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., தயாரான நாடு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். போலிப் பொருளையோ விளம்பரத்துக்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கவரையும் படம் பிடித்து, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு டிப்புக்காக அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் இஷ்டம். 1915 வரை போனாலே பெரும்பாலும் பணம் வந்துவிடும் என்பது என் எண்ணம்.

கேள்வி: ஸ்னூக்கர் டிப்பை பூல் க்யூவில் போடலாமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: தோல் ஒன்றுதான், அளவுதான் வேறு. ஸ்னூக்கர் க்யூவின் முனை 9.5 மி.மீ. சுற்றி இருக்கும், பூல் க்யூ 12.5 முதல் 13 வரை. சின்ன டிப்பை அகலமான முனையில் ஒட்டினால் ஓரம் வெறுமையாக நிற்கும். பெரியமேட்டு விளையாட்டுச் சாமான் கடைகளில் கேட்கும்போது க்யூவையே எடுத்துக்கொண்டு போங்கள். தோல் வியாபாரத்துக்குப் பேர்போன பேட்டையில் டிப் மட்டும் வெளிநாட்டிலிருந்து வருகிறது, அது வேறு கதை. முனையை விட ஒரு நூல் பெரியதாக வாங்கி, ஒட்டிய பிறகு விளிம்பைச் சீவிச் சமன் செய்யச் சொல்லுங்கள்.