தீவில் ஒரு நாள்: மாத்திரையும் சாப்பாட்டு வேளையும்

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளன. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, இரவில் மெட்ஃபார்மின் மட்டும், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்த மாத்திரை என்று எடுத்துக்கொள்கிறார். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.1. சிறுநீரகப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. எனக்கு 57 வயது; மூட்டுவலி உண்டு, பேருந்தில் போனாலே குமட்டும். ஜனவரியில் அந்தமான் போகிறோம். ஹேவ்லாக் தீவில் ஒரு நாள் முழுவதும் அவசரமில்லாமல் சுற்றிப் பார்த்து, மீன், நண்டு, இளநீர் என்று ஆசைப்பட்டதைச் சாப்பிட நினைக்கிறோம். மகளோ, "அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிவிடும், சப்பாத்தி கட்டிக்கொண்டு போங்கள்" என்கிறாள். எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?
— வாசகி, நங்கநல்லூர், சென்னை

பதில்: இந்த அளவுக்குக் கட்டுப்பாட்டில் உள்ள ஒருவருக்கு ஒரு நாள் விருந்தினால் சர்க்கரை சற்று ஏறினால், அது பெரிய கேடு எதையும் செய்துவிடாது. அன்றைக்கு அவருக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. அவர் காலையில் எடுக்கும் கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. சாப்பாடு வந்ததா இல்லையா என்று பாராமல் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்துவது அரிது.

வீட்டில் ஏழரைக்கு மாத்திரை, எட்டு மணிக்கு இட்லி என்று ஒழுங்காக நடப்பது, "அவசரமில்லாத நாள்" என்று நாம் பெயர் வைக்கும் நாளில்தான் குலைந்துபோகிறது. அந்தமானில் இது இன்னும் கூடுதல். கடிகாரம் நம்முடையதுதான் என்றாலும், அங்கே சூரியன் சென்னையை விட ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முன்னதாக உதித்து, ஜனவரியில் மாலை ஐந்து மணியைத் தாண்டியதும் மறைந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் விடியற்காலையிலேயே தொடங்குவார்கள். மறந்துவிடக் கூடாதே என்று விடுதியிலேயே ஐந்து மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, படகுத்துறையில் காத்திருந்து, ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் கடலில் பயணம் செய்து, இறங்கி அறையில் பையை வைத்துவிட்டுப் பத்து மணிக்குச் சிற்றுண்டி கேட்டால், மாத்திரைக்கும் உணவுக்கும் நடுவே ஐந்து மணி நேரம் ஓடிவிடும். நான் அஞ்சுவது இந்த இடைவெளிக்குத்தான்.

ஆகவே, கிளிமிபிரைடு உள்ள மாத்திரையைச் சிற்றுண்டித் தட்டு மேசைக்கு வந்த பிறகே விழுங்கச் சொல்லுங்கள். அது ஐந்தரை மணியானாலும் சரி, பத்து மணியானாலும் சரி. காலை உணவையே விட்டுவிட நேர்ந்தால் அந்த வேளை மாத்திரையையும் விட்டுவிடலாம். பிறகு இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரைக்கு உணவுக் கட்டாயம் இல்லை. ஆனால் அதிலுள்ள தயசைடு சிறுநீரைக் கூட்டும் என்பதால், படகிலிருந்து இறங்கிய பிறகு எடுத்துக்கொள்வது வசதியாக இருக்கும். ராதாநகர் கடற்கரையில் மணலில் நெடுநேரம் நடந்தால், நடையும் சர்க்கரையை இறக்கும் என்பதால், மதிய உணவு தள்ளிப்போகும் என்று தோன்றியவுடனேயே இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ கொடுத்துவிடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரை தாழும்போது வரும் வியர்வை, படபடப்பு, கைநடுக்கம், களைப்பு, காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றைத் தீவின் புழுக்கத்தில் யாரும் நோயின் அறிகுறி என்று எடுத்துக்கொள்வதில்லை. "வெயில் தாங்கவில்லை, சற்றுப் படுக்கிறேன்" என்று அவர் சொன்னால், படுக்க விடுவதற்கு முன் விரலில் குத்திப் பாருங்கள். இளநீரோ பழச்சாறோ விரலில் ஒட்டியிருந்தால் கருவி பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும் என்பதால், முதலில் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். அளவு 70க்குக் கீழே இருந்தால், அல்லது கருவி கைவசம் இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தாலும்கூட, மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுத்து, ஏறியதும் உணவு கொடுக்க வேண்டும். சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் இதற்கு உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். பேச்சுக் குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, தீவிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். தேறிய பிறகும் அவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும், ஏனெனில் கிளிமிபிரைடின் வேகம் அடங்க நேரமாகும். ஒரு முறை ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கக்கூடும்.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். மீனும் நண்டும் இறாலும் சர்க்கரையை நேரடியாக ஏற்றும் உணவுகள் அல்ல. சுட்டதையோ குழம்பிலிட்டதையோ மனநிறைவாகச் சாப்பிடட்டும். உடன் வரும் சோற்றையும் மாவில் தோய்த்துப் பொரித்தவற்றையும் அளவாக வைத்துக்கொண்டால் போதும். உங்கள் மகளின் அக்கறை புரிகிறது. ஆனால் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்பது நம் வீடுகளில் தேவைக்கு மேல் மதிப்புப் பெற்றுவிட்ட மாற்று. அதைக் கட்டிக்கொண்டு கடல் கடக்க வேண்டியதில்லை. பையில் இடமிருந்தால் குளுக்கோஸ் பொட்டலத்தை வைக்கச் சொல்லுங்கள்.

மீனில் நான் எச்சரிப்பது வேறொன்றை. சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் போன்ற மீன்கள் பிடித்தபின் பனிக்கட்டியில் வைக்கப்படாமல் வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகிவிடும்; எவ்வளவு சமைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடல் அரிக்கும். பெரும்பாலும் ஒவ்வாமைக்கான சாதாரண மாத்திரையில் அடங்கிவிடும்; மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாயில் வைத்ததும் மிளகுக் காரம் போல நாக்கில் சுருக்கென்றால் அந்த மீனை ஒதுக்கிவிடுங்கள்.

இளநீர் ஒன்று குடிக்கலாம். அதிலும் சர்க்கரை உண்டு என்பதால் தாகத்துக்கெல்லாம் அதையே நாட வேண்டாம். டெல்மிசார்டன் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும், இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இது பொருட்டில்லை. அது பழுதானவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. நீங்கள் கேட்கத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: வெறும் வயிற்றில் பீர் கூடாது. கல்லீரல் சர்க்கரையை வெளியிடுவதை மது தடுக்கும். குடித்தபோது ஒன்றும் தெரியாமல், இரவில் தூக்கத்தில் சர்க்கரை இறங்கும்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்துவிட்டால், அது நிற்கும்வரை மெட்ஃபார்மினையும் அந்த ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். அதை உங்கள் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு முடிவு செய்யுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை நீரிழிவுக்காரர்கள் அஞ்சி ஒதுக்குகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படியான பொடியில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, தயங்காமல் கொடுக்கலாம்.

அவருடைய கால்களை மறந்துவிடாதீர்கள். பத்தாண்டுச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கலாம். உச்சிவெயில் மணல் சுட்டதும் பவளத் துண்டு கிழித்ததும் தெரியாமலேயே நடந்துவிடுவார். தண்ணீரில் இறங்கும்போதுகூட வாரிட்ட செருப்பு காலில் இருக்கட்டும். அதைப் புதிதாக வாங்குவதானால் இப்போதே வாங்கி, இங்கேயே சில நாள் போட்டுப் பழகட்டும். மாலையில் விரலிடுக்கு உட்பட இரு பாதங்களையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.

உங்கள் குமட்டலுக்குப் படகு கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும்; குமட்டல் தொடங்கியபின் எடுத்தால் பெரிதாகப் பயன் இருக்காது. அது தூக்கத்தைத் தரும். கண் அழுத்த நோய் இருந்தால் கேட்காமல் எடுக்கக் கூடாது. படகின் கீழ்த்தளத்தில் நடுவில் அமர்ந்து, கைப்பேசியைப் பார்க்காமல் தொலைவில் தெரியும் தொடுவானத்தைப் பாருங்கள். கடல் கொந்தளித்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள் என்பதால், இருவருடைய மருந்தும் இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாகக் கைப்பையிலேயே இருக்க வேண்டும்.

மூட்டுவலிக்கு, தளர்ந்த மணலைத் தவிர்த்து, அலை நனைத்து இறுகிய ஓரத்தில் நடங்கள். வலி மாத்திரை ஏதேனும் எடுத்துச் செல்கிறீர்கள் என்றால், நடந்து கால் வலிக்கிறது என்று அவர் கேட்டாலும் அதில் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை அவருடைய ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால், உடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில், நலமாக உள்ள சிறுநீரகத்தையும் திடீரெனப் பாதிக்கக்கூடும். அவருக்குப் பாராசிட்டமால் போதும்.