கடலின் பச்சையம் படிக்க ஆசைப்படும் மகள்: சேர்க்கைக்கு முன் ஒரு சோதனை

பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகும் மகள், செயற்கைக்கோள் வழியாகக் கடலின் பச்சையத்தை, அதாவது கடல்நீரில் மிதக்கும் நுண்பாசியின் பச்சை நிறமியை, ஆராயப் போகிறேன் என்கிறாள். கப்பலில் அலைய வேண்டுமா, வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கப்பல் பயணம் எப்போதாவதுதான். அன்றாட வேலை கணினியில். ஓஷன்சாட்-3, அக்வா போன்ற செயற்கைக்கோள்கள் கடலின் நிறத்தை அளக்கின்றன. நீலம் குறைந்து பச்சை கூடினால் நுண்பாசி பெருகியிருக்கிறது என்று கணக்கிடுவார்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் சேவை நிறுவனம் இந்தப் பச்சைய அளவையும் கடல்மேல் வெப்பநிலையையும் பார்த்துத்தான் மீன் கூடும் இடங்களை மீனவர்களுக்கு அறிவிக்கிறது.

முதுகலைக்குப் பணம் கட்டுமுன் இந்த விடுமுறையில் அவளை ஒன்று செய்யச் சொல்லுங்கள். நாசாவின் ஓஷன் கலர் தளத்தில் கணக்குத் தொடங்கச் செலவில்லை. அக்வாவில் உள்ள மோடிஸ் கருவியின் 4 கி.மீ. துல்லியமுள்ள மாதச் சராசரிப் பச்சையக் கோப்புகளை 2003 முதல் 2012 வரை எடுத்தால் 120 கோப்புகள். பைத்தான் நிரல்மொழியில் எக்ஸ்அரே என்னும் நிரல் தொகுப்பைக் கொண்டு இரண்டு கடல் பகுதிகளைக் கட்டங்களாக வெட்டட்டும்: கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒன்று, வங்கக் கடலின் நடுவே ஒன்று. ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதவாரியாகச் சராசரி எடுத்து வரையட்டும். தெற்குக் கட்டம் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் உயரும். காற்று மேல்நீரைத் தள்ள, அடியிலிருந்து சத்துள்ள குளிர்நீர் ஏறுவதால் வருவது அது. நடுவங்கக் கடலில் ஆற்றுநீரும் மழைநீரும் உப்பு குறைந்த மூடிபோல் மேலே நிற்பதால் அடிநீர் எளிதில் ஏறாது. கோடும் தாழ்ந்தே கிடக்கும்.

அவள் சறுக்கப்போவது சராசரியில்தான். நான்கு பிக்சல்களில் பச்சையம் கன மீட்டருக்கு 0.1, 0.1, 0.1, 10 மில்லிகிராம் என்றால் சாதாரணச் சராசரி 2.6 வரும். மடக்கை எடுத்துச் சராசரி கண்டு திருப்பினால் 0.3. முதல் விடை அந்த ஒற்றைப் பிக்சலின் குரல் மட்டுமே. அடுத்தது மேகம். பச்சையம் பெருகும் ஜூன், ஜூலையில்தான் மேகமும் மூடும். சில மாதச் சராசரிகள் ஓரிரு தெளிந்த நாள்களை மட்டுமே நம்பியிருக்கும். பாக் நீரிணை போன்ற ஆழமற்ற, கலங்கிய கடலை முதல் முயற்சியில் தொடவே வேண்டாம். அங்கே சேறும் அடித்தரையின் ஒளியும் பச்சையமாகக் கணக்கில் ஏறிவிடும்.

படம் சரியாக வந்ததா என்பதைவிட, ஏன் இப்படி வருகிறது என்று அவளே தோண்டுகிறாளா என்று கவனியுங்கள். தோண்டினால் தயங்காமல் அனுப்புங்கள். இயற்பியல் மாணவிக்குக் கொச்சி அறிவியல், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (குசாட்) எம்.எஸ்சி. கடலியல் பொருந்தும். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையமும் நல்ல இடம்தான், ஆனால் உயிரியல் பக்கம் சாய்ந்தது. பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வின் புவி, வளிமண்டல, கடல் அறிவியல் தாள். அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய்.

நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. திட்ட ஒப்பந்தத்தில் சில ஆண்டுகள் ஓடும் என்று இப்போதே மனதில் வையுங்கள். அந்த ஆண்டுகளில் கைகொடுப்பது நிரல் எழுதும் பழக்கமும் புள்ளியியலும். வானிலை, காப்பீடு, வேளாண் தரவு நிறுவனங்களும் இதையேதான் கேட்கின்றன. எனவே எந்தத் துறையில் சேர்த்தாலும் முன்கூட்டியே கேளுங்கள்: மாணவர்கள் செயற்கைக்கோள் தரவைத் தாங்களே நிரல் எழுதிக் கையாள்கிறார்களா, வரைபடத்தைப் பார்ப்பதோடு சரியா?