பைதானுக்குள் சி++ த்ரெட்: வேலை எல்லாம் முடிந்து வெளியேறும்போது மட்டும் கிராஷ் ஆவது ஏன்?

நீங்கள் சொல்வது இதுதானே: பைதான் ஸ்கிரிப்ட், அதற்குள் சி++ மாட்யூல், அது பின்னணியில் ஒரு த்ரெட் (மெயின் வேலையோடு கூடவே தனியாக ஓடும் வேலை) ஓட்டி அவ்வப்போது பைதான் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது, ஸ்கிரிப்ட் முடியும்போது 'டெர்மினேட் கால்டு வித்தவுட் ஆன் ஆக்டிவ் எக்ஸெப்ஷன்' என்று செத்துவிடுகிறது. அதுவும் எப்போதாவதுதான்.

உங்கள் த்ரெட் இருப்பதே பைதானுக்குத் தெரியாது. மெயின் த்ரெட் முடிந்ததும் பைதான் அது பாட்டுக்குக் கடையைக் கட்டத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் உங்கள் த்ரெட் ஜிஐஎல் பூட்டைக் (ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்தான் பைதான் கோடை ஓட்டலாம் என்று காக்கும் பூட்டு) கேட்டால், 3.14க்கு முந்தைய பதிப்புகளில் பைதான் அந்த த்ரெட்டை அங்கேயே முடித்துவிடும். லினக்ஸில் இது சி++ ஸ்டாக்கை (ஒன்றையொன்று கூப்பிட்டு நிற்கும் ஃபங்ஷன்களின் அடுக்கை) வலுக்கட்டாயமாகப் பிரித்துக்கொண்டே போகும். வழியில் ஒரு நோஎக்ஸெப்ட் ஃபங்ஷனோ (எக்ஸெப்ஷன் எதையும் வெளியே விடமாட்டேன் என்று உறுதி தந்த ஃபங்ஷன்) டிஸ்ட்ரக்டரோ (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்) குறுக்கிட்டால் மொத்த புராசஸும் காலி. 3.14இல் த்ரெட்டை முடிக்காமல் அப்படியே நிரந்தரமாகத் தூங்கவைக்கிறார்கள். கிராஷ் நின்றுவிடும், ஆனால் வேறெங்காவது நீங்கள் அந்த த்ரெட்டை ஜாயின் செய்ய (அது முடியும்வரை) காத்திருந்தால் புரோகிராம் தொங்கிவிடும். எனக்கு இது பாதித் தீர்வாகத்தான் படுகிறது.

சரி, என்ன செய்யலாம்? குளோபல் ஆப்ஜெக்ட்டின் டிஸ்ட்ரக்டரில் த்ரெட்டை நிறுத்தாதீர்கள், அது ஓடும்போது பைதான் ஏற்கெனவே போயிருக்கும். பைதானின் ஏட்எக்சிட் மாட்யூலில் (வெளியேறும்போது ஓட வேண்டியவற்றைப் பதிவு செய்யும் இடம்) ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்து, அதில் நிறுத்தக் கொடியைத் தூக்கி ஜாயின் செய்யுங்கள். முக்கியமாக, ஜாயினுக்கு முன் ஜிஐஎல்லை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் நீங்கள் த்ரெட்டுக்காகவும், அது உங்கள் கையிலிருக்கும் பூட்டுக்காகவும் காத்துக்கொண்டே இருப்பீர்கள்.