பதில்: முன்முனையில் வளைக்கும்போது பலகை பிளக்கிறது
வணக்கம். 6 மீட்டர் வைக்கிங் (பழங்கால வடஐரோப்பியக் கடலோடிகள்) பாணிப் படகுக்கு மரவாடியில் வாங்கிய காய்ந்த ஓக் பலகை, முன்முனையில் வளைக்கும்போது விரிசல் விடுகிறது, நீராவி போதவில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சந்தேகம் ரம்பத்தின் மேல்தான்.

பிளந்த இடத்தை ஓரத்திலிருந்து பாருங்கள். நார் சாய்வாக ஓடிப் பலகையின் முகத்தில் முடிகிறதா? அப்படியென்றால் ரம்பம் நாரை அறுத்துவிட்டது. எத்தனை மணி நேரம் அவித்தாலும் அங்கேதான் பிளக்கும்.

வைக்கிங் தச்சர்கள் ஓக்கை அறுக்கவில்லை. பச்சை மரத்தை ஆப்பு வைத்துப் பாதி, கால், அரைக்கால் என்று பிளந்து, கோடரியால் செதுக்கினார்கள். நார் முனைக்கு முனை முழுசாக இருக்கும். டென்மார்க்கின் ரோஸ்கில்டேயில் 2004-இல் நீரில் இறக்கிய ‘ஹாவ்ஹிங்ஸ்டன்’ என்ற 30 மீட்டர் கப்பலுக்கும், பழைய வைக்கிங் கப்பல் ஒன்றின் மறு உருவாக்கம் அது, இதே முறைதான். 2007-இல் அது அயர்லாந்தின் டப்ளின் வரை பாய் விரித்துப் போனது.

வாங்கியதைத் தூக்கிப் போட வேண்டாம், பாவம், காசு கொடுத்த மரம். வளைவு குறைந்த நடுப்பகுதிக்கு அது போதும். இரு முனைகளுக்கு மட்டும் பச்சை ஓக்கைப் பிளந்து எடுங்கள். வேலை இல்லாதபோது நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். அப்புறம், ஆணி அடிக்கும் முன் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில், தண்ணீர் கசியாமலிருக்க, தார் தோய்த்த கம்பளி நூலை வைக்க மறக்காதீர்கள்.