கம்பி யார் கையில் இருக்க வேண்டும்?

செல்லூர் வாசகர்: செல்போனில் போட்டி வந்ததும் கட்டணம் இறங்கியது. கரண்டையும் தனியாரிடம் விட்டால் என்ன?

செல்போனுக்கு ஆளாளுக்குக் கோபுரம் வைக்கலாம். செல்லூர்ச் சந்துக்குள் நாலு கம்பெனிக்கு நாலு கம்பமா நடுவது? கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் ஒரே செட்தான். அது யார் கைக்குப் போனாலும் அவர் வைத்ததுதான் சட்டம். உற்பத்தி வேறு கதை, அங்கே போட்டி வரட்டும். தேனிப் பக்கம் சுற்றுகிற காற்றாலைகள் பெரும்பாலும் தனியாருடையவைதானே.

தனியார் வந்தாலே கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. டெல்லியில் 2002-ல் விநியோகம் கைமாறிய பிறகு திருட்டும் இழப்பும் நன்றாகவே குறைந்தன. ஒடிசாவில் 1999-ல் கொடுத்தார்கள். அந்த வருடமே பெரும்புயல், ஒரு கம்பெனி பாதியில் கிளம்பிவிட்டது. மற்றவற்றின் உரிமத்தை 2015-ல் அந்த மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையமே ரத்து செய்தது. அத்தனை வருடமும் அந்தக் கம்பியை நம்பிக் குடியிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

திருமங்கலம் வாசகி: 2012-ல் எல்லாம் அரசு கையில்தானே இருந்தது? அப்போதுதானே மணிக்கணக்கில் கரண்ட் இல்லை?

நியாயமான கோபம். அந்த வருடம் எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிற ஒரு மணி நேரத்துக்குள் மாவாட்டி, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி முடிக்க வேண்டும். பாதி மாவில் கிரைண்டர் நின்றுபோய், உளுந்தைக் கையால் வழித்தெடுத்த நாட்கள் உண்டு. தேவை ஏறிக்கொண்டே போக, புதிய மின்நிலையங்கள் பின்தங்கின. வடக்கே மின்சாரம் இருந்தாலும் கொண்டுவரப் போதிய லைன் இல்லை. தென்மாநில மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதியோடு முழுதாக இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான். அதை முன்கூட்டியே செய்யாதது அரசின் தவறு. ஆனால் லாபம் மட்டும் பார்க்கிறவர் தானாக வந்து அந்த லைனைப் போட்டிருப்பார் என்றும் நான் நம்பவில்லை.

மேலூர் விவசாயி: பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் போய்விடுமா?

1990 முதல் இருக்கிற சலுகை, சட்டென்று போய்விடாது. என் பயம் வேறு. 2022-ல் மக்களவைக்கு வந்த மின்சாரச் சட்டத் திருத்த மசோதா, ஒரே கம்பியில் பல விநியோகஸ்தர்களை விடப் பார்த்தது. அப்படி வருகிறவர்கள் முதலில் தேடிப்போவது ஓட்டலையும் மில்லையும்தான். ஓட்டலும் மில்லும் அதிகம் கட்டுகிற பணத்தில் ஒரு பகுதிதான் உங்கள் மோட்டாரை ஓட்டுகிறது. லோ வோல்டேஜில் மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்க, எரிந்துவிடுமே என்று பியூஸைப் பிடுங்க ஓடுகிறீர்களே, அந்த லைனைச் சரிசெய்யப் பணம் எங்கிருந்து வரும்? மானியத்தை அரசு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது 2003 மின்சாரச் சட்டத்தின் 65-ம் பிரிவு. சங்கக் கூட்டத்தில் அதைக் கேளுங்கள்.

அண்ணா நகர் வாசகி: சந்தை விலை நேரத்துக்கு நேரம் மாறுமாமே?

மாறும். அமெரிக்காவின் டெக்சாஸில் 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் மொத்தச் சந்தை விலை யூனிட்டுக்கு 9 டாலர் வரை போனது. அந்த விலையை ஒட்டிய திட்டத்தில் சேர்ந்திருந்த வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. சரி, நமக்கு? வீட்டுக் கட்டணத்தை இங்கே ஒழுங்குமுறை ஆணையம்தான் நிர்ணயிக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.