பின்னால இழுக்கிற காரின்ர பிரேக்குக்கு கரண்ட் எங்க இருந்து வருது? கேட்ட கேள்வியளும் என்ர பதிலும்

வணக்கம் எல்லாருக்கும். மோட்டர்ஹோமுக்குப் பின்னால கார் கட்டி இழுக்கிறதைப் பற்றி போன கிழமை ரெண்டு வரி எழுதப்போக கேள்விக்கு மேல கேள்வியா வந்திட்டுது, அதால எல்லாத்துக்கும் ஒரே இடத்தில பதில் சொல்லுறன். தெரியாத ஆக்களுக்கு ஒரு சொல்லு: மோட்டர்ஹோம் எண்டா கட்டில், குசினி எல்லாம் வச்ச பஸ். கனடா, அமெரிக்கால அதில ஊர் சுத்துற ஆக்கள் இறங்கின இடத்தில ஓடித்திரிய ஒரு சின்னக் காரையும் நாலு சில்லும் ரோட்டில உருள பின்னால கட்டிக்கொண்டு போவினம். அந்தக் காருக்குள்ள ஆள் இல்லை, அதால தானா பிரேக் மிதிக்க ஒரு பெட்டி வைக்கிறது. நான் அல்பேர்ட்டால 9 வருஷம் இந்த வயரிங் வேலைதான் செய்தனான், இப்ப தெமட்டகொடையில சொந்தமா கராஜ்.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, என்ர மூத்த அண்ணன் ஸ்காபரோல இருக்கிறார், மோட்டர்ஹோம் வாங்கிட்டாராம், பின்னால காரும் கட்டப்போறாராம். பஸ் அவ்வளவு பெரிசு, அதின்ர பிரேக்கே காணாதா?

பதில்: காணாது தம்பி. அந்த பஸ்ஸின்ர பிரேக் அதின்ர சொந்தப் பாரத்துக்குக் கணக்குப் பாத்து வச்சது. பின்னால 1500 கிலோ கார் வந்து தள்ளினா நிக்கிற தூரம் கூடும், வளைவில பஸ்ஸின்ர பின்பக்கத்தைத் தள்ளிச் சாய்க்கவும் பாக்கும். வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் விழுங்கவேண்டிய சக்தி நாலு மடங்கு, 50ல நிண்ட மாதிரி 100ல நிக்காது. சட்டமும் இருக்கு, ஒண்டாரியோல 1360 கிலோவுக்கு மேல போற ட்ரெய்லருக்கு பிரேக் இருக்கவேணும். லண்டன் பக்கம் எண்டா இப்பிடிக் கட்டின காரை ட்ரெய்லராத்தான் பாக்கினம், அங்க 750 கிலோவுக்கு மேல பிரேக் கட்டாயம். 750 கிலோவுக்கு உள்ள என்ன கார் இருக்கு, சொல்லுங்கோ?

கேள்வி (பம்பலப்பிட்டி): பெட்டியை சிகரட் லைட்டர் சொக்கெட்டில குத்தினா வேலை முடிஞ்சுதுதானே? இதில என்ன பெரிய வயரிங்?

பதில்: எல்லாரும் சறுக்கிற இடம் இதுதான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேணும். முதல், உங்கட காரில அந்த சொக்கெட் திறப்பு இல்லாமலும் வேலை செய்யுதா எண்டு பாருங்கோ. கனக்க கார்ல திறப்பு ஏசிசில (எஞ்சின் ஓடாமல் ரேடியோ மட்டும் வேலை செய்யிற நிலை) இருந்தாத்தான் அதில கரண்ட் இருக்கும், சிலது கொஞ்ச நேரத்தில தானாவே நிப்பாட்டிப்போடும், நீங்க முன்னால ஏசி போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டபடி ஓட்டுவீங்கள், பின்னால பிரேக் செத்துப்போயிருக்கும். ஸ்டியரிங் லொக் ஆகாமல் இருக்க திறப்பை எப்பிடியும் ஏசிசில விடத்தான் வேணும், அப்ப ரேடியோ, கம்பியூட்டர் எல்லாம் முழிச்சிருந்து சும்மா கரண்ட் குடிக்கும். ஒரு 3 ஆம்பியர் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ, 5 மணித்தியால ஓட்டத்தில 15 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணித்தியாலத்தால பெருக்கினது, பற்றரியின்ர கொள்ளளவை இதாலதான் சொல்லுறது) போயிட்டுது. எங்கட சின்ன ஜப்பான் காருகளில இருக்கிற பி19 சைஸ் பற்றரியே கிட்டத்தட்ட 30 ஆம்பியர்-அவர்தான், அதில பாதி முடிஞ்சுது. இதுக்கு மேல பெட்டிக்குள்ள பெடலை அமத்த ஓடுற பம்ப், பிரேக் மிதிக்கிற நேரமெல்லாம் எரியிற 21 வாட் பல்ப் ரெண்டு, அதுக்கே மூண்டரை ஆம்பியர். இறக்கத்தில அடிக்கடி மிதிக்கேக்க பாருங்கோ.

அதால பஸ்ஸில இருந்து காரின்ர பற்றரிக்கு ஒரு சார்ஜ் வயர் இழுக்கவேணும். அதையும் மெல்லிசா இழுத்தா பிரயோசனம் இல்லை. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கோ, பஸ் பற்றரில இருந்து கார் பற்றரி வரைக்கும் 15 மீட்டர் வரும், 2.5 எம்எம் வயர், அதுதான் வீட்டு வேலைக்கு 7/0.67 எண்டு கேட்டு வாங்குவமே, அதில 10 ஆம்பியர் போனா போகேக்க 1 வோல்ட், எர்த் (பற்றரி நெகட்டிவ்க்குத் திரும்புற பக்கம்) வழியா திரும்பேக்க இன்னொரு 1 வோல்ட் விழும். பஸ் எஞ்சினோட சுத்தி சார்ஜ் குடுக்கிற ஓல்டர்னேட்டர் 14 வோல்ட் குடுத்தாலும் காருக்கு வாறது 12, நல்லா இருக்கிற பற்றரியே 12.6ல நிக்கும், அதுக்குள்ள சார்ஜ் எப்பிடிப் போகும்? 6 எம்எம் போட்டா ரெண்டு பக்கமும் சேத்து 0.9 வோல்ட் மட்டும்தான் விழும். வீட்டு வயர் போடாதேங்கோ, அது தடிச்ச கம்பி, ஆட்டத்தில முறியும், மெல்லிய இழை கனக்க இருக்கிற வாகன வயர்தான் வேணும். ரெண்டு பற்றரிப் பக்கமும் ஒவ்வொரு பியூஸ், நடுவில கார் பற்றரி திரும்பி பஸ்ஸுக்கு வடியாமல் ஒரு டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுறது), காசு இருந்தா டிசி டு டிசி சார்ஜர், அது வாற வோல்ட்டை பற்றரிக்கு வேண்டிய அளவுக்கு மாத்திக் குடுக்கும். நான் எண்டா சார்ஜர்தான் போடுவன், டயோட்டே அரை வோல்ட்டுக்கு மேல தின்னும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): எல்லாம் செய்தாச்சு அண்ணை, மீட்டர் 12.6 காட்டுது, ஆனா பெட்டி பம்ப் ஓடேக்க எரர் லைட் எரியுது. பற்றரி புதுசு.

பதில்: பம்ப் ஓடேக்க அளந்தனீங்களா? சும்மா நிக்கேக்க அளந்தா ஒரே ஒரு இழையில தொங்குற வயரும் 12.6தான் காட்டும். போன வருஷம் ஒராள் இதே கதையோட வந்தவர், சொக்கெட்டில 12.6, பம்ப் ஓடவிட்டா 9.8க்கு விழுது. மீட்டரின்ர ஒரு முனையை பற்றரி நெகட்டிவ்ல, மற்ற முனையை சொக்கெட்டின்ர எர்த்தில வச்சுப் பாத்தன், பம்ப் ஓடேக்க 2 வோல்ட்டுக்கு மேல காட்டுது, அங்க 0.2 கூட வரக்கூடாது. எர்த் லக்கை (வயர் நுனியில போல்ட் போடுற வளையம்) கழட்டினா, பெயின்ட்டுக்கு மேலயே போல்ட் இறுக்கியிருக்கினம், வயர் உறையை வெட்டிப் பாத்தா ஒரு சாண் நீளத்துக்கு செம்பு முழுக்கப் பச்சைத் தூள். கடற்கரைப் பக்கம் வாகனம் நிப்பாட்டுற ஆக்களுக்கு இது கெதியா வரும், வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டி ஆக்கள் கவனம். உப்புக்கடதாசி போட்டு இரும்பு பளிச்செண்டு தெரியும்வரை தேச்சு, புது லக் அடிச்சு, மேல கிறீஸ் பூசிவிட்டம், 12.1ல நிண்டுது, அவ்வளவுதான் வேலை. இன்னொண்டு, இழுக்கிற இரும்புச் சட்டம் தானே எர்த் எண்டு நினைக்காதேங்கோ, அதின்ர மூட்டெல்லாம் கிறீசும் துருவும். எர்த்துக்கு எண்டு தனி வயர், பொசிட்டிவ் எவ்வளவு தடிப்போ அதே தடிப்பில.

கேள்வி (தெஹிவளை): பாஸ், நாங்க ரோசா பஸ் ஒண்டை கேம்பரா மாத்துறோம், பின்னால மெனுவல் கியர் ஜீப் ஒண்டு கட்டுற ஐடியா. சார்ஜ் லைனை நேரா பஸ் பற்றரில குடுக்கலாமா?

பதில்: கையை வைக்கமுந்தி நிப்பாட்டுங்கோ! ரோசா 24 வோல்ட், ஜீப் 12 வோல்ட். நேரா குடுத்தா ஜீப்பின்ர பற்றரி கொதிச்சு, கம்பியூட்டர், பல்ப், பிரேக் பெட்டி எல்லாம் போயிடும். இங்க லொறிக்காரர் பாட்டு செட் பூட்ட செய்யிற வேலையும் வேண்டாம், அதுதான் ரெண்டு பற்றரில ஒண்டில இருந்து மட்டும் 12 எடுக்கிறது. எடுக்கிற பற்றரி எப்பவும் அரைவயிறு, மற்றது அளவுக்கு மிஞ்சி சார்ஜ் ஆகி தண்ணி வத்தும், கொஞ்ச மாசத்தில ரெண்டையும் மாத்தவேண்டி வரும். 24ல இருந்து 12க்கு இறக்கிற சார்ஜர் ஒண்டு வாங்கி ஜீப்பின்ர பற்றரிக்குப் பக்கத்தில பூட்டுங்கோ, அப்ப நீள வயரில போறது 24 வோல்ட், கரண்ட் பாதி, விழுற வோல்ட்டும் பாதி, மிச்சத்தை சார்ஜரே சரிக்கட்டும். பஞ்சிகாவத்தையில வாங்கினா வெறும் கன்வேர்ட்டரா, பற்றரி சார்ஜ் பண்ணுறதா எண்டு தெளிவா கேளுங்கோ, ரெண்டும் ஒண்டில்லை. பிளக்கில 24 எண்டு பெரிசா எழுதி ஒட்டுங்கோ. சிக்னல் லைட்டுக்கு ஜீப்பின்ர வயரிங்கைத் தொடாமல், 24ல எரியிற எல்இடி லைட் போர்ட் ஒண்டை ஜீப்பின்ர பின்பக்கம் கட்டிவிடுங்கோ, அதுதான் தலையிடி இல்லாத வழி.

கேள்வி (மருதானை): அண்ணே, எங்கட அக்வாவை இப்பிடி நாலு சில்லும் உருள இழுக்கலாமா? மாத்தளைக்குப் போகணும்.

பதில்: இல்லை, வேண்டவே வேண்டாம். அக்வா, பிரியஸ் எல்லாம் ஹைபிரிட், எஞ்சினோட கரண்ட் மோட்டரும் இருக்கிற கார், அதில முன் சில்லோட மோட்டர் எப்பவும் சேந்தே சுத்தும், நியூட்ரல்ல போட்டாலும் விலகாது, இழுக்க இழுக்க அது ஜெனரேட்டர் மாதிரி கரண்ட் உண்டாக்கும், எரியவும் கூடும். பிரேக் மிதிக்கிற பெட்டியும் அதுக்குப் பொருந்தாது, பிரேக்கே கம்பியூட்டர் கையில. சாதாரண ஓட்டோ கியர், சிவிடி (பெல்ட்டில ஓடுற ஓட்டோ கியர்) கார் கனக்கத்தையும் இப்பிடி இழுக்கக்கூடாது, எஞ்சின் ஓடாட்டி கியர்பெட்டிக்கு ஒயில் பம்ப் ஆகாது. கார் வழியில நிண்டாலும் கயிறு கட்டாதேங்கோ, கரியருக்கு அடியுங்கோ, வண்டியை மேல ஏத்தட்டும்.

கேள்வி (வத்தளை): பெட்டியை வச்சு செட் பண்ணேக்க பெடல் மெத்தெண்டு போகுது, ஓடேக்க கல்லு மாதிரி இருக்குதாம். ஏன்?

பதில்: பெடலை லேசாக்கிறது பூஸ்டர், அது எஞ்சின் உறிஞ்சிற வேக்குயூமில (காத்தில்லாத வெற்றிடம்) வேலை செய்யிறது, எஞ்சின் நிண்டா அந்த வேக்குயூம் இல்லை. மிச்சம் இருக்கிறது ரெண்டு மூண்டு மிதிக்குத்தான் காணும். அதால எஞ்சினை நிப்பாட்டி, பெடல் இறுகும்வரை காலால மிதிச்சுப்போட்டுத்தான் பெட்டியை வைக்கவேணும். இல்லாட்டி பெட்டி பழகினது ஒரு பெடல், ரோட்டில மிதிக்கிறது இன்னொரு பெடல். வேக்குயூம் பம்ப் உள்ள சிஸ்டமும் இருக்கு, அதுவும் கரண்ட்தான் குடிக்கும், மேல போட்ட கணக்கில அதையும் சேருங்கோ.

கேள்வி (கிருலப்பனை): கரண்டே வேண்டாத பிரேக் இல்லையா?

பதில்: இருக்கு. பஸ் வேகம் குறைய கார் வந்து முட்டுற தள்ளுவிசையில கேபிள் இழுத்து பெடலை அமத்திற சிஸ்டம் ஒண்டு. பஸ்ஸில எயார் பிரேக் எண்டா அந்தக் காத்திலயே வேலை செய்யிறதும் இருக்கு. எனக்கு கேபிள் சிஸ்டத்தில நல்ல மதிப்பு.

கேள்வி (மட்டக்குளி): கொக்கி கழண்டு கார் தனியா ஓடினா என்ன நடக்கும்?

பதில்: அதுக்குத்தான் பிரேக்அவே சுவிட்ச். காரின்ர முன்னால இருக்கிற அந்த சுவிட்சில ஒரு பின் (சின்ன முளை) குத்தியிருக்கும், அதில இருந்து மெல்லிய கேபிள் பஸ்ஸின்ர சேஸிக்குப் போகும், கார் கழண்டா பின் இழுபட்டு பெட்டி பெடலை அமத்தும். அந்த நேரம் பஸ்ஸில இருந்து வந்த வயரும் அறுந்திருக்கும், காரின்ர பற்றரி மட்டும்தான் மிச்சம். அமெரிக்க ட்ரெய்லர் விதியில கழண்ட பிறகு 15 நிமிஷமாவது பிரேக் பிடிச்சபடி நிக்கவேணும் எண்டிருக்கு. பற்றரி செத்திருந்தா 15 செக்கனும் நிக்காது. கேபிளை இழுக்கிற சட்டத்தில கட்டாதேங்கோ, சட்டமே கழண்டு போனா பின் இழுபடாது. ஒவ்வொரு பயணத்துக்கு முந்தியும் பின்னைக் கையால இழுத்துப் பாருங்கோ.

கேள்வி (அவிசாவளை): கடுகண்ணாவை மாதிரி இறக்கத்தில பின் கார் பிரேக் உருகாதா?

பதில்: பஸ்ஸை சின்னக் கியர்ல விட்டு எஞ்சினால பிடிச்சுக்கொண்டு இறங்குங்கோ, மெதுவா வேகம் குறைஞ்சா பெட்டி பேசாமல் இருக்கும், நீங்க மிதிச்சாத்தான் அதுவும் மிதிக்கும். எனக்குப் பயம், சீட்டை முன்னுக்குத் தள்ளி பெட்டியை இறுக்கமா வச்சு, பெடல் ஒரு நூல் அளவு அமந்தபடியே ஓடுற ஆக்களை நினைச்சுத்தான். பிரேக் தேய்ஞ்சு மணக்கும், பிரேக் லைட்டும் விடாமல் எரிஞ்சு பற்றரியைக் காலி பண்ணும். புறப்பட்டு 15 கிலோமீட்டர்ல ஒருக்கா ஓரமா நிப்பாட்டி, நாலு சில்லுக்குப் பக்கத்திலயும் புறங்கையைக் காட்டிப் பாருங்கோ, ஒண்டு மட்டும் அனல் அடிச்சா பெட்டியைக் கழட்டி திரும்ப வையுங்கோ. அப்பிடியே மீட்டரை எடுத்து காரின்ர சொக்கெட்டில வச்சு, கூட வந்த ஆளைக்கொண்டு பெட்டியை ஒருக்கா மிதிக்கவிட்டு, எத்தினை வோல்ட் எண்டு எழுதி எனக்கு அனுப்புங்கோ, நான் பாத்துச் சொல்லுறன்.