சின்ன வயசுல இல்லாத பொட்டிய இப்ப ஏன் வாங்கணும்?

அன்புள்ள அண்ணா,

நான் தஞ்சாவூர் பக்கம், கல்யாணம் ஆகி தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்தவ, இப்ப டர்பன் பக்கத்துல ஃபீனிக்ஸ்ல இருக்கோம். என் வீட்டுக்காரர் டர்பன் சாட்ஸ்வொர்த்ல பொறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார், படிக்க வராது, அதனால உங்க பதில நான்தான் அவருக்கு வாசிச்சுக் காட்டணும். விஷயம் என்னன்னா, சமீபத்துல யாருக்கிட்டயோ செகண்ட் ஹேண்ட்ல ஒரு சூப்பர் நின்டெண்டோ மினி வாங்கிட்டு வந்தார். அந்தக் காலத்து வீடியோ கேம் மெஷின சின்னதா செஞ்சு, பழைய கேம்கள உள்ளயே வச்சு விக்கறது, உள்ளங்கை அளவு பொட்டி, அதுக்கு ரெண்டாயிரத்து சொச்சம் ராண்ட். இப்ப சேகாங்கற வேற கம்பெனியோட மெகா டிரைவ் மினியும் வேணுங்கறார். இதே கேமெல்லாம் போன்ல சும்மாவே கிடைக்குதேன்னு கேட்டா "அது வேற, இது வேற"ன்னு சொல்றார், என்ன வேறன்னு சொல்லத் தெரியல. பழைய ஞாபகத்த பொட்டியில அடைச்சு நம்ம தலையில கட்டுறாங்கன்னு எனக்குத் தோணுது. இதுல எனக்குப் புரியவே புரியாதது ஒண்ணு, இவருக்கு சின்ன வயசுல சூப்பர் நின்டெண்டோவே கிடையாது, வீட்ல இருந்தது கோல்டன் சைனான்னு ஒரு டிவி கேம் மட்டும்தான். இல்லாத ஒண்ண எப்படி ஞாபகம் வச்சு ஏங்க முடியும்? ரெண்டாவது பொட்டிக்கு சரின்னு சொல்லவா வேண்டாமா?

ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

அன்புள்ள தங்கச்சி,

கடைசியா கேட்டீங்களே, அதுல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா மத்த எல்லாத்துக்கும் பதில் அதுக்குள்ளதான் இருக்கு.

கோல்டன் சைனா என்னன்னு உங்களுக்கு கொஞ்சம் சொல்லணும். 1983ல ஜப்பான்ல நின்டெண்டோ கம்பெனி ஃபேமிகாம்னு ஒரு கேம் மெஷின் விட்டாங்க, அதையே 1985ல இருந்து அமெரிக்காவுல என்இஎஸ்ங்கற பேர்ல வித்தாங்க. அத அப்படியே பாத்து காப்பி அடிச்ச மெஷின்தான் உலகத்துல பாதி நாட்டுக்குப் போச்சு. ரஷ்யாவுல அதுக்குப் பேரு டெண்டி, போலந்துல பெகாசஸ், நம்ம தென்னாப்பிரிக்காவுல கோல்டன் சைனா. இங்க யாரும் கன்சோல்னு சொன்னதில்ல, டிவி கேம்னுதான் சொல்லுவோம். கேம் உள்ள இருக்கற மஞ்சள் கார்ட்ரிட்ஜ மெஷின்ல சொருகுவோம், அது மேல லட்சக்கணக்குல கேம் இருக்குன்னு போட்டிருக்கும், உள்ள போனா நாலஞ்சு கேமே திரும்பத் திரும்ப வேற வேற பேர்ல வரும், ஆனா அந்த நாலஞ்சுல ஒண்ணு சூப்பர் மாரியோ, இன்னொண்ணு கான்ட்ரா, அது போதும் எங்களுக்கு. நான் வளர்ந்ததும் இங்கதான், பக்கத்து வீட்டு கோல்டன் சைனா முன்னாடி கியூ நின்னு விளையாண்டவன், ஒரு உயிர் போனா அடுத்த ஆளுக்குக் கைமாத்தணும், அதுல சண்டை வராத நாளே கிடையாது. அது போக டீ ரூம்னு சொல்ற தெருமுனைக் கடையில காசு போட்டு ஆடுற மெஷின் இருக்கும், பிரட் வாங்கப் போன பையன் அங்கயே நின்னுடுவான்.

இப்ப கணக்குப் பாருங்க. கோல்டன் சைனா 8 பிட் மெஷினோட காப்பி. சூப்பர் நின்டெண்டோ 16 பிட், அடுத்த தலைமுறை மெஷின், 1990ல ஜப்பான்ல வந்தது. அதோட கேம் எதுவும் கோல்டன் சைனாவுல ஓடவே ஓடாது. அப்ப உங்க வீட்டுக்காரர் சூப்பர் மெட்ராய்டும், செல்டாவும், டாங்கி காங் கன்ட்ரியும் யார் வீட்லயாவது எட்டிப் பாத்திருப்பார், இல்ல மேகசின்ல படம் பாத்திருப்பார், அவ்வளவுதான், உக்காந்து முழுசா விளையாண்டிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. அவர் வாங்கினது ஞாபகத்த இல்ல, அப்ப கைக்கு எட்டாம விட்டுப்போன ஒண்ண. நாப்பது வயசுக்கு மேல அத முதல் தடவையா விளையாடறார். அதுக்கு "நாஸ்டால்ஜியா"ன்னு பேர் வைக்கறது எனக்கு சரியாப் படல.

அந்த பொட்டியிலயே இதுக்கு ஒரு சாட்சி இருக்கு. அதுல இருக்கற 21 கேம்ல ஒண்ணு ஸ்டார் ஃபாக்ஸ் 2. தொண்ணூறுகள் நடுவுலயே செஞ்சு முடிச்சிட்டாங்க, அடுத்த மெஷின் நின்டெண்டோ 64 வரப்போகுதுன்னு கடைக்கு அனுப்பாமலே தூக்கி வச்சிட்டாங்க, இருபது வருஷத்துக்கு மேல அப்படியே கிடந்து 2017 செப்டம்பர்ல இந்த மினியிலதான் முதல் தடவையா முறைப்படி வெளிய வந்தது. உலகத்துல யாருக்கும் சின்ன வயசு ஞாபகமா இருக்க முடியாத ஒரு கேம அந்தப் பொட்டியில வச்சாங்க, அதுக்காகவே வாங்கினவங்க நிறைய பேர்.

சரி, ஞாபகம் மட்டும்தான் விக்குதுன்னே வச்சுக்குவோம். அப்படின்னா 2018 டிசம்பர்ல சோனி விட்ட ப்ளேஸ்டேஷன் கிளாசிக் பறந்திருக்கணும் இல்லையா? மொத ப்ளேஸ்டேஷன் உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல வித்த மெஷின், அதவிட பெரிய ஞாபகம் யார்கிட்ட இருக்கு? ஆனா 100 டாலருக்கு வந்தது ஒரு மாசம் தாங்கல, 60க்கு இறங்கிச்சு, அப்புறம் 40. காரணம் என்னன்னா அக்கறை இல்லாம செஞ்சிருந்தாங்க. க்ராஷ் பாண்டிகூட் இல்ல, டூம்ப் ரைடர் இல்ல, கிரான் டூரிஸ்மோ இல்ல. கூட கொடுத்த கன்ட்ரோலர்ல அனலாக் ஸ்டிக், அதான் கட்டைவிரலால எல்லாப் பக்கமும் சாய்க்கற குச்சி, கிடையாது. எல்லாத்தையும் விட மோசம், 20 கேம்ல 9 கேம் 50 ஹெர்ட்ஸ் வெர்ஷன், அதாவது ஒரு செகண்டுக்கு 50 தடவ படம் மாறறது. நம்ம நாட்டு பழைய டிவியும் ஐரோப்பா மாதிரி 50 ஹெர்ட்ஸ்தான், அதனால அமெரிக்காவுல 60ல ஓடின கேம் நிறைய இங்க ஆறுல ஒரு பங்கு ஸ்லோவா ஓடும், அது அந்தக் கால டிவியோட கட்டாயம். இப்ப எச்டிஎம்ஐ டிவிக்கு அந்தக் கட்டாயமே இல்ல, ஆனாலும் அந்த ஸ்லோ வெர்ஷனத் தூக்கிப் போட்டு அமெரிக்காகாரன் கிட்டயும் வித்தாங்க. நின்டெண்டோ இதுக்கு நேர் எதிர், ஐரோப்பாவுல வித்த மினியில கூட 60 ஹெர்ட்ஸ் வெர்ஷனத்தான் வச்சாங்க. அத விளையாடறப்ப நம்ம ஊர் ஆளுங்க சிலருக்கு "என்னடா இவ்வளவு வேகமா இருக்கு"ன்னு தோணும், அதுதான் அந்த கேமோட நெஜ வேகம். ஞாபகத்துக்குத்தான் காசுன்னா ரெண்டும் ஒரே மாதிரி வித்திருக்கணும், விக்கல.

இப்ப போன் விஷயம். சும்மா கிடைக்குதுன்னு நீங்க சொல்றதுல பெரும்பாலானது காப்பிரைட் மீறி ஏத்தி வச்சது, அத ஒரு பக்கம் வைங்க. கையில என்ன ஆகுதுன்னு பாருங்க. மாரியோவுல ஜம்ப் பட்டன எவ்வளவு நேரம் அழுத்தறோமோ அவ்வளவு உயரம் குதிப்பான், லேசா தட்டினா சின்ன குதி, அழுத்திப் பிடிச்சா பெரிய குதி, கேமே அதுலதான் நிக்குது. கண்ணாடி மேல விரல் வழுக்கும், எங்க அழுத்தறோம்னு பாக்காம தெரியாது. கூட்டல் குறி மாதிரி இருக்கே அந்த டி-பேட், அத 1982ல டாங்கி காங் கேம் அண்ட் வாட்ச்ங்கற கையடக்க கேம் மெஷினுக்காக குன்பே யோகோய்னு நின்டெண்டோ இன்ஜினியர் ஒருத்தர் கொண்டு வந்தார், கண்ணு திரையில இருக்கறப்ப கட்டைவிரலுக்கு தானா திசை தெரியணும்னா அதுக்கு மேல எளிமையா ஒண்ணு இதுவரைக்கும் வரல. அந்த கேம்கள செஞ்சவங்க இந்தக் கட்டையக் கையில வச்சுக்கிட்டுதான் செஞ்சாங்க, அதனால கன்ட்ரோலர் இல்லாத மாரியோ எனக்கு பாதி மாரியோதான். உங்க வீட்டுக்காரர் "அது வேற இது வேற"ன்னு சொன்னதுல முதல் பாதி இது.

ரெண்டாவது பாதிதான் எனக்கு முக்கியம், இத அவருக்கு கொஞ்சம் நிறுத்தி வாசிங்க. இந்தப் பொட்டி இன்டர்நெட்டோட சேராது. அப்டேட் கிடையாது, கடை கிடையாது, விளம்பரம் கிடையாது, இன்னும் அம்பது ராண்ட் கொடுத்தா அடுத்த லெவல்னு கேக்காது. என்இஎஸ் மினியில 30 கேம், சூப்பர் நின்டெண்டோவுல 21, மெகா டிரைவ் மினியில 42, அதுக்கு மேல ஒண்ணும் வராது. போன்ல ஆயிரம் கேம் இறக்கி வச்சவன் எதையும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆடறதில்ல, கஷ்டமா ஒரு இடம் வந்தா அடுத்ததுக்குப் போயிடுவான். 21 தான் இருக்குன்னா அந்தக் கஷ்டமான இடத்தத் திரும்ப முயற்சி பண்ணுவான். யாரோ உக்காந்து யோசிச்சு இத வை அத எடுன்னு தேர்ந்தெடுத்து வச்சிருக்காங்க, பந்தியில இலை போட்டு பரிமாறுன மாதிரி, நம்ம வேலை உக்காந்து சாப்பிடறது மட்டும்தான். கோல்டன் சைனாவும் எங்களுக்கு அப்படித்தான் இருந்தது, வேற இல்லாததால அந்த நாலஞ்சு கேம கரைச்சுக் குடிச்சோம். உங்க வீட்டுக்காரர் தேடறது அப்படி ஒண்ணுலயே ஊறிக் கிடக்கறதத்தான்னு நான் நினைக்கறேன், கேமோட பேரு எதுவா இருந்தாலும்.

இன்னொண்ணு, அது ஹால்ல டிவி கிட்ட இருக்கும், உங்க பொட்டியோட ரெண்டு கன்ட்ரோலர் வரும், ஒருத்தர் ஆடறத மத்தவங்க பாப்பாங்க. கேம மாத்தணும்னா எழுந்து போய் பொட்டியில ரீசெட் அழுத்தணும், இத குறைன்னு நிறைய பேர் எழுதினாங்க, எனக்கு அது குறையாத் தெரியல, யார் எழுந்து போறதுன்னு ஒரு பேச்சாவது நடக்கும். என்இஎஸ் மினியோட கன்ட்ரோலர் வயர் முக்கால் மீட்டர்தான், அது மட்டும் நெஜமாவே தொல்லை, டிவி பக்கத்துல தரையில உக்காரணும், சூப்பர் நின்டெண்டோவுல அத நீட்டிட்டாங்க. பவர் யுஎஸ்பி வழியாப் போறதால லோட்ஷெட்டிங்னு கரன்ட் நிறுத்தற நேரத்துல பவர் பேங்க்லயே பொட்டி ஓடும், டிவிக்குத்தான் இன்வெர்ட்டர் வேணும்.

நீங்க சொல்ற "தலையில கட்டுறாங்க" முழுக்கத் தப்புன்னு சொல்லமாட்டேன். 2016 நவம்பர்ல என்இஎஸ் மினி 60 டாலருக்கு வந்தது, கடைக்குக் கொஞ்சமா அனுப்பினாங்க, மொத்தமா அள்ளி வச்சுக்கிட்டு ரெண்டு மடங்கு மூணு மடங்குன்னு வித்தவங்க சம்பாதிச்சாங்க, அஞ்சு மாசத்துல 23 லட்சம் வித்தும் தயாரிப்ப நிறுத்தினாங்க, அப்புறம் 2018 ஜூன்ல திரும்பக் கொண்டு வந்தாங்க. ஆசைப்பட்டவங்கள அப்படி அலைய விட்டது எனக்குக் கோபம்தான். அதே கம்பெனி தன்னோட பழைய கேம்கள டிஜிட்டலா வித்த வீ யு, 3டிஎஸ்ங்கற மெஷின்களோட ஆன்லைன் கடைகள 2023 மார்ச்சுல மூடிட்டாங்க, இப்ப மாசமோ வருஷமோ சந்தா கட்டினா அவங்களோட ஸ்விட்ச் மெஷின்ல ஆடலாம், சந்தா நின்னா கேமும் நின்னுடும். அந்தப் பக்கம் வச்சுப் பாத்தா ஒரு தடவ காசு கொடுத்து கையில வாங்கி வச்ச பொட்டி எனக்கு நியாயமான வியாபாரமாத்தான் தெரியுது.

மெகா டிரைவ் மினிக்கு சரின்னே சொல்லுங்க. 2019 செப்டம்பர்ல வந்தது, பழைய கேம்கள புது மெஷினுக்குக் கொண்டு வர்றதுல பேர் போன எம்டூங்கற ஜப்பான் கம்பெனி வேலை பாத்தது, மினிகள்லயே ரொம்ப ஆசையா செஞ்சது இதுதான்னு என் அபிப்பிராயம். கார்ட்ரிட்ஜ் மூடி திறக்கும், வால்யூம் ஸ்லைடர் நகரும், ரெண்டாலயும் ஒரு பிரயோஜனமும் கிடையாது, ஆனாலும் செஞ்சு வச்சாங்க. மொழிய ஜப்பானீஸ்க்கு மாத்தினா மெனுவும் மாறும், ஜப்பான்ல வந்த வெர்ஷன்களும் வந்துடும்.

வாங்கறப்ப கவனிக்க வேண்டியது போலி. ஃப்ளீ மார்க்கெட்ல என்இஎஸ் மினி மாதிரியே சாம்பல் கலர்ல ஒண்ணு வரும், பொட்டி மேல 620 கேம்னு போட்டிருக்கும், பெரும்பாலும் மஞ்சள் சிவப்பு ஏவி வயர் இருக்கும், நின்டெண்டோ பேர் எங்கயும் இருக்காது. உள்ள இருக்கறது நம்ம கோல்டன் சைனா வம்சத்து சிப்பேதான். விலை ரொம்பக் கம்மியா இருந்து, என்னன்னு தெரிஞ்சே வாங்கினா ஒரு குத்தமும் இல்ல, ஒரிஜினல் விலை கேட்டா வந்துடுங்க. துப்பாக்கியோட டக் ஹன்ட்டும் ஆடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்தப் பழைய துப்பாக்கி கண்ணாடிக் குழாய் டிவியோட வெளிச்சத்தப் படிச்சு வேலை செய்யறது, இப்ப இருக்கற டிவியில அது ஒண்ணும் படிக்காது, ஒரிஜினல் மினியில டக் ஹன்ட் கேமே கிடையாது.

டிவி செட்டிங்ல கேம் மோட் போட்டுடுங்க, இல்லன்னா பட்டன் அழுத்தி கொஞ்சம் கழிச்சுதான் மாரியோ குதிப்பான், அவர் தன் கை போச்சுன்னு நினைச்சுக்குவார். மெகா டிரைவ் மினி விக்கறவர்கிட்ட ரெண்டு கன்ட்ரோலரும் இருக்கான்னு கேளுங்க, வெளிநாட்டு வெர்ஷன்ல மூணு பட்டன் கன்ட்ரோலர்தான் வரும், ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு அது பத்தாது, ஆறு பட்டன் தனியா வாங்கணும். ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2க்கு மூணு பட்டனே போதும், ரெண்டு பேர் சேர்ந்து ஆடற கேம், முதல் நாள் அதப் போடச் சொல்லி ரெண்டாவது கன்ட்ரோலர நீங்க வாங்கிக்குங்க.